பழைய அம்பாசடரை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் முன் எந்த கார் நிகழ்ச்சியைப் பார்க்கலாம்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டுக் கொட்டகையில் ஒரு அம்பாசடரோ ஃபியட்டோ தூசி படிந்து நிற்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்ததும் 'அந்த வண்டியை ரெடி பண்ணிடலாமா' என்று பேச்சு கிளம்பும். அன்றைக்கே யாராவது ஒருவர் டிவியில் பார்த்த, பழைய காரைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்றை இழுப்பார். எங்கள் முதலியார்பேட்டை வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பெரியப்பா ஓட்டிய 1978 மார்க் 3 அம்பாசடரை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். ஆளுக்கொரு நிகழ்ச்சியைச் சொல்லி ஆளுக்கொரு கணக்குப் போட்டோம். ஒருவர் கணக்கில் அது ஒரு வார வேலை, இன்னொருவர் கணக்கில் லாபம் வரும் வியாபாரம், பெரியம்மாவுக்கோ அது கண்ணீர் வரும் விஷயம்.

எதைப் பார்த்தோமோ அதை வைத்துத்தான் எதிர்பார்ப்பு உருவாகிறது. அதனால் எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது என்பதே ஒரு முடிவுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை எடுத்து வைக்கும் முன் கார் எஸ்.ஓ.எஸ். பாருங்கள். வேலை ஆரம்பித்த பிறகு வீலர் டீலர்ஸின் பழைய சீசன்களைப் பாருங்கள். அமெரிக்க நிகழ்ச்சிகளைப் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

வீலர் டீலர்ஸ்

2003-ல் இங்கிலாந்தில் தொடங்கிய நிகழ்ச்சி. மைக் ப்ரூவர் ஒரு பழைய காரைப் பேரம் பேசி வாங்குவார். எட் சைனா ஆரஞ்சு நிறக் கையுறை மாட்டிக்கொண்டு பட்டறையில் அதைப் பழுது பார்ப்பார். கடைசியில் மைக் விற்பார். வாங்கின விலை, உதிரிப் பாகங்களுக்கு ஆன செலவு, விற்ற விலை எல்லாவற்றையும் சொல்லி லாபத்தையும் சொல்வார்கள்.

நம் ஊரில் இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் எட் சைனாவுக்காகவே பார்த்தார்கள். நெல்லித்தோப்பில் பட்டறை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இந்த நிகழ்ச்சியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். 'இங்கிலீஷ் பேச்சு எனக்கு எதுக்கு தம்பி, கையைக் காட்டினா போதும்' என்பார். அவர் சொல்வது சரிதான். வால்வு லேப்பிங், அதாவது இன்ஜின் வால்வு கசிவில்லாமல் உட்காரும்படி தேய்ப்பதைக் காட்டும் இடத்தைப் பாருங்கள். குச்சி நுனியிலுள்ள ரப்பர் கிண்ணத்தை வால்வின் தலையில் ஒட்டுகிறார்கள். விளிம்பில் சாணைப் பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை மத்து கடைவது மாதிரி உருட்டுகிறார்கள். நடுநடுவே தூக்கித் துடைத்துப் பார்க்கிறார்கள். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறக் கோடு எங்கும் விடுபடாமல் வந்துவிட்டதா, அந்த வால்வு முடிந்தது. நெல்லித்தோப்பிலும் இதே குச்சிதான், இதே பசைதான். ஒரு வேலையின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் காட்டினால் பார்ப்பவருக்கு அது மனதில் நிற்கிறது. எட் இருந்த வருடங்களில் அந்தப் பொறுமை அந்த நிகழ்ச்சிக்கு இருந்தது.

அம்பாசடர்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரின் வழியில் உத்தரபாராவில் தயாரான வண்டி. அதில் வெகுகாலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பதும் அதே குடும்பத்தின் 1798 சி.சி. இன்ஜின். ஆகவே திரையில் ஒரு எம்.ஜி.பி. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும்போது, நம் வீட்டு வண்டியின் பங்காளியைத்தான் திறக்கிறார்கள். வால்வுகளைத் திறக்கும் புஷ் ராடு, ராக்கர், டாப்பெட் இடைவெளி எல்லாம் பழகின முகங்களாகத் தெரியும்.

2017-ல் எட் சைனா விலகினார். பட்டறைக் காட்சிகளை எடுப்பது சிரமம், அவற்றைக் குறைக்க வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு நினைத்ததாகவும், அப்படிச் செய்தால் தரம் கெடும் என்பதால் விலகுவதாகவும் அவரே யூடியூபில் விளக்கம் சொன்னார். ரசிகர்களின் கோபம் அவருக்குப் பின் வந்த ஆன்ட் ஆன்ஸ்டெட் மேல் திரும்பியது. அது நியாயமில்லை. ஆன்ஸ்டெட் தன் கையால் கார் கட்டத் தெரிந்தவர், தகடு வேலையில் அவர் கை நன்றாகவே ஓடும். அவருக்கு அப்புறம் வந்த மார்க் பிரீஸ்ட்லி ஃபார்முலா ஒன்னில் மெக்லாரன் அணியின் மெக்கானிக்காக இருந்தவர். குறை ஆட்களிடம் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு இந்த நிகழ்ச்சியின் மேல் உள்ள பெரிய வருத்தம் வேறு. அவர்கள் சொல்லும் லாபத்தில் எட் சைனாவின் கூலி சேராது. இதை இங்கிலாந்து ரசிகர்களே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பார்வையாளருக்கு அந்தக் கணக்கு இன்னொரு விதத்திலும் பொருந்தாது. அங்கே கூலிதான் கொள்ளை விலை, பாகங்கள் ஒரு ஃபோனில் வந்துவிடும். எம்.ஜி.பி.க்கு முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள், 1980-களின் கடைசியிலிருந்து இது நடக்கிறது. இங்கே கை கிடைக்கும், பாகத்துக்குத்தான் அலைச்சல். மார்க் 3-க்கு ஒரு நல்ல கிரில் வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்க வேண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் விழுப்புரத்துக் காயலான் கடையில் கிடைக்கும். கிடைக்காத தகட்டை டிங்கர் வேலைக்காரர் சுத்தியலால் தட்டி உருவாக்கித் தருவார். திரையில் ஒரே பெட்டியில் வந்து இறங்கும் பாகம், இங்கே ஒருவரின் வாரக்கணக்கான உழைப்பு. அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காத நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு பட்டறைக்குப் போகிறவர்கள், டிங்கரின் கூலியைக் கேட்டதும் 'ஏமாத்தறார்' என்று நினைக்கிறார்கள். இதை நான் நேரில் கேட்டிருக்கிறேன், மனசு கஷ்டப்பட்டது.

கார் எஸ்.ஓ.எஸ்.

2013-ல் தொடங்கியது. டிம் ஷா, ஃபஸ் டவுன்சென்ட் என்று இரண்டு பேர். ஃபஸ் ஒரு காலத்தில் ராக் இசைக்குழுவில் டிரம் வாசித்தவர், இப்போது கை நிறைய கிரீஸோடு நிற்பவர். நோயினாலோ வேறு கஷ்டத்தினாலோ தன் காரைப் பாதியில் கைவிட்ட ஒருவரைப் பற்றி அவர் குடும்பத்தார் எழுதிப்போடுவார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் காரை எடுத்து வந்து முழுசாகப் புதுப்பித்து, கடைசியில் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இதைப் பற்றித்தான் கருத்துகள் இரண்டாகப் பிரிகின்றன. கார் பிரியர்கள் சிலருக்குக் கடைசிப் பத்து நிமிட அழுகை பிடிக்காது. டிம் ஷாவின் கோமாளித்தனம் வேலைக்கு இடைஞ்சல் என்பார்கள். பெரியம்மாவுக்கோ அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் நிகழ்ச்சியே. கார்ப்பரேட்டர் எது, டைனமோ எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் திரையில் ஒரு பெரியவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் பேச முடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'உங்கப்பா மாதிரியே பிடிக்கிறார் பாரு' என்று அண்ணனிடம் சொன்னார். அதுவரை வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். டிவி நிகழ்ச்சி ஒன்று ஒரு வீட்டு முடிவை அப்படி மாற்றக்கூடும் என்றால், அந்த அழுகையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அழுகை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நிகழ்ச்சியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் துரு. காரை உள்ளே கொண்டுவந்ததும் அவர்கள் முதலில் செய்வது தரை விரிப்பைத் தூக்குவது, சக்கர வளைவுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குத்துவது. வெளியே பளபளப்பாக இருந்த வண்டியின் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதை ஒளிக்காமல் காட்டுவார்கள். அழுகின தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதையும் காட்டுவார்கள். கடற்கரை ஊரில் பழைய கார் வைத்திருப்பவருக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. தகட்டின் மேல் படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரம் நின்ற இடத்தில் துரு நிற்காமல் ஓடும். அதோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் வெளியே கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். விரிப்புக்கு அடியிலுள்ள சணல் அட்டை மட்டும் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித்தகடும் தரையும் அரித்துப்போனால், அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. அந்தக் காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மட்டும் தனிச் சேசிஸ் உண்டு, பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். அதனால் ஹெரால்டு வைத்திருப்பவர் கொஞ்சம் மூச்சு விடலாம், சேசிஸின் கிளைகளை மட்டும் கவனமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

கார் எஸ்.ஓ.எஸ். பார்த்த கையோடு அண்ணன் ஒரு டிங்கர் வேலைக்காரரை அழைத்து வந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, பெயின்ட் கீறாமல் இருக்கத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். நடுக் கதவு வரை ஒட்டிக்கொண்டே வந்த காந்தம், கீழ் ஓரத்துக்கு வந்ததும் கையோடு வழுக்கி விழுந்தது. 'இங்க தகடே இல்ல, வெறும் பட்டிப் பூச்சுதான். யாரோ முன்னாடியே பூசி மறைச்சிருக்காங்க' என்றார். அப்புறம் டிரைவர் பக்க விரிப்பைத் தூக்கினோம். பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் தெரிந்த வெளிச்சம் கொட்டகையின் மண்தரையிலிருந்து வந்தது. டிவியில் பார்த்திராவிட்டால் அண்ணன் அந்த இடத்தில் பயந்துபோய் வண்டியை விற்றிருப்பார். பார்த்திருந்ததால், 'வெட்டி வைக்க எவ்வளவு ஆகும்?' என்று கேட்டார்.

குறையும் சொல்லியாக வேண்டும். அங்கே முன்னால் நிற்பது இரண்டு பேர் என்றாலும் பின்னால் ஒரு பட்டறையே உழைக்கிறது. சீட்டுக்கு ஒரு நிபுணர், குரோமுக்கு ஒரு நிபுணர், மீட்டர் பலகைக்கு ஒரு நிபுணர் என்று டிம் ஓடிக்கொண்டிருப்பார். உரிமையாளருக்கு ஒரு பைசா செலவில்லை. ஆகவே எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சியிலும் பதில் கிடைக்காது. எங்கே பார்க்க வேண்டும், எது ஆபத்து என்பதற்குத்தான் பதில் கிடைக்கும். வாங்குகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

அமெரிக்கப் பக்கம்

சுருக்கமாக முடிக்கலாம். டல்லாஸிலிருந்து வந்த ஃபாஸ்ட் அண்ட் லவுட் 2012-ல் தொடங்கியது. ரிச்சர்ட் ராலிங்ஸ் பேரம், ஏரன் காஃப்மேன் வேலை. கல்லூரிப் பையன்களுக்கு இதுதான் உயிர். வேகம், சத்தம், கெடு நெருங்குகிறது என்ற பரபரப்பு எல்லாம் உண்டு. வேலை எப்படி நடந்தது என்பதுதான் கண்ணில் படாமலே போய்விடும். 2017-ல் காஃப்மேன் விலகியதும் பழைய ரசிகர்களில் பலர் சலித்துக்கொண்டார்கள்.

2004-ல் வந்த ஓவர்ஹாலின் நிகழ்ச்சியில் சிப் ஃபூஸ் ஒரு வாரத்தில் காரை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவார். அவர் கோடு போட்டு வரைவதைப் பார்ப்பது தனி சுகம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'ஒரு வாரம்' என்பதை மனதில் ஏற்றிக்கொண்டு இங்கே பட்டறைக்குப் போகாதீர்கள். பட்டி காய வேண்டும், பிரைமர் காய வேண்டும், தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நல்ல பெயின்டர் ஸ்ப்ரே துப்பாக்கியையே தொட மாட்டார். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் பெயின்ட் காயும்போது மேலே வெள்ளை பூத்து மங்கிவிடும். தை பிறக்கட்டும் என்று அவர் சொன்னால் அது சாக்கு இல்லை.

கிரேவ்யார்ட் கார்ஸ் மட்டும் வேறு ரகம். கிறைஸ்லர் குடும்பத்துப் பழைய கார்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுக்கு. எந்த போல்ட்டில் என்ன குறி இருந்தது என்பது வரை தேடுவார்கள். சிலருக்கு இது சலிப்பு. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நம்மிடம் குறைவாக இருப்பது இந்தக் கண்டிப்புதான். மார்க் 2 வண்டிக்கு மார்க் 4 கிரில்லை மாட்டி, பிற்கால அம்பாசடர் நோவாவின் பம்பரைப் போட்டு, டீசல் இன்ஜினை இறக்கி 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். மார்க் 3 என்பது 1975-லிருந்து 1979 வரை வந்தது, அதற்கென்று ஒரு முகம் உண்டு. அந்த முகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த நிகழ்ச்சியைப் பார்த்தால் வரும்.

விலை தெரிய வேண்டும் என்றால், மறுபடி இங்கிலாந்துப் பக்கம் பேங்கர்ஸ் அண்ட் கேஷ் இருக்கிறது. வட யார்க்‌ஷயரில் மேத்யூசன் குடும்பம் நடத்தும் ஏலக்கூடத்தைக் காட்டும் நிகழ்ச்சி, 2019-ல் தொடங்கியது. செத்துப்போன கொட்டகைக் கார்கள், அவற்றை விற்க வரும் குடும்பங்கள், சுத்தியல் விழும் விலை. அலங்காரம் இல்லாத நிகழ்ச்சி. விலைகள் நமக்குப் பொருந்தா, ஆனால் குடும்பங்கள் விற்கும்போது படும் தயக்கம் அப்படியே பொருந்தும்.

யாருக்கு எது

வண்டி ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, வைத்துக்கொள்வதா விற்பதா என்று குழப்பமா? குடும்பத்தோடு உட்கார்ந்து கார் எஸ்.ஓ.எஸ். பாருங்கள். வெளியே வாங்கப் போகிறீர்கள் என்றாலும் அதுதான், ஆனால் அழுகையைத் தள்ளிவிட்டு முதல் பாதியை மட்டும் பாருங்கள், கூடவே ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் வேலை நடக்கும்போது கூடவே நின்று கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், எட் சைனா கால வீலர் டீலர்ஸ். அதில் வரும் லாபக் கணக்கைப் பார்க்கும்போது கூலியைத் தனியாக எழுதிக்கொண்டே பாருங்கள்.

இந்த எதிலும் வராத ஒரு விஷயம் காகிதம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டம் வேறு என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அதுதான் முதல் படி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரிக் காரணங்களுக்குத்தான் அதைச் சாலையில் எடுக்கலாம். தினமும் பீச் ரோடு போய்வர அது உதவாது. எங்கள் வண்டி 1978 மாடல் என்பதால் 2028 வரை அந்த வழி கிடையாது. 15 வருடம் தாண்டிய மற்ற வண்டிகளைப் போல ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிப்பதுதான் வழி.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் இன்னும் பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது. இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும், அதோடு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். டிங்கர் வேலைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெரியம்மாவும் அண்ணனும் அந்த வேலையைத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.